மூடி போட்ட கவர்

"மூடி இருக்கிற கவர்தான் வேணும். டைரி மாதிரி திறந்து மூடுமே, அது" என்றார் மாமியார்.

"அத்தை, போன் என்னுது" என்றாள் மருமகள்.

"நான் இல்லைன்னா சொன்னேன்? கவர் நான் வாங்கித் தரேன்."

மொபைல் கடைப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மருமகள் கையில் கண்ணாடி மாதிரி மெல்லிய கவர். போன் புத்தம் புதுசு, வெளிர் ஊதா. அந்த நிறத்துக்காகவே கடை கடையாக ஏறி இறங்கியவள் அவள். மாமியார் எடுத்து வைத்திருந்ததோ கறுப்பு ரெக்சின். அதை மாட்டினால் போன் என்று யாரும் சொல்லமாட்டார்கள், பழைய மணிபர்ஸ் என்பார்கள்.

"இதுல கலரே தெரியாதே அத்தை."

"கலரைப் பார்த்துக்கிட்டா பேசப்போறே? காதுல வச்சுதானே பேசறே."

கடைப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடுவில் புகுந்தாள். "இதைப் பாருங்கம்மா. கலரும் தெரியும், நாலு மூலையிலயும் ரப்பர் இருக்கு. கீழே விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது."

"விழுந்தா விழட்டும்மா. எனக்கு மேல மூடணும்."

போன் உடைந்தாலும் பரவாயில்லையாம், மூட வேண்டுமாம். இதை மாமியார் பிடிவாதம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

வேறு சமயமாக இருந்தால் மருமகளும் விட்டுக் கொடுத்திருக்க மாட்டாள். ஆனால் இது சண்டை போடும் வாரமில்லை. மாமியார் அச்சகத்தில் புரூஃப் ரீடர். இந்த வெள்ளிக்கிழமையோடு ஓய்வு பெறுகிறார். "விழா கிழான்னு யாரும் கிளம்பிடாதீங்க" என்று வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார். அப்படிச் சொன்னதாலேயே மருமகள் கிளம்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஹால் பிடித்தாகிவிட்டது. கேக்குக்குச் சொல்லியாகிவிட்டது. அச்சகத்தில் அத்தனை பேரும் வாயைத் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேல், மாமியாரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகிக் கண்காணாத தூரத்துக்குப் போய்விட்ட சிநேகிதியை மருமகள் தேடிப் பிடித்திருந்தாள். அந்த அம்மா விமானம் ஏறி வருகிறார்.

இத்தனையும் நடந்துகொண்டிருந்தது அந்த ஊதா போனுக்குள்தான். பாஸ்வேர்ட் போட்ட போன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிழை பார்க்கிற மாமியாருக்கே தெரியாமல் இவ்வளவும் செய்துவிட்டோமே என்று மருமகளுக்குக் கொள்ளைச் சந்தோஷம். இப்போது போய் ஒரு கவருக்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், ஞாயிற்றுக்கிழமை கெட்டுப் போகும்.

"இன்னொரு தடவை யோசிங்களேன் அத்தை" என்றாள் தணிந்த குரலில்.

கவுன்ட்டர் மேல் கிடந்த போன் அதிர்ந்து வெளிச்சம் போட்டது.

மாமியார் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுவரில் தொங்கிய ஹெட்போன்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கோவமா அத்தை?"

"எனக்கென்ன கோவம். நீ போனை எடு."

மருமகள் எடுத்துப் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்தது. "ஆபீஸ்லேர்ந்து. ஒரு நிமிஷம் வந்துடறேன்" என்று கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள்.

கடைப் பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீட்லயும் ஒரு மாமியார் இருக்காங்க. நான் என்ன செருப்பு போடணும்னுகூட அவங்கதான் சொல்லுவாங்க. அந்தக்கா ஆசை ஆசையா வாங்கின போன். கவரையாவது அவங்க இஷ்டத்துக்கு விட்டுடலாமே."

மாமியார் வாசலைப் பார்த்தார். வெளியே மருமகள் ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை வலது பக்கமும் இடது பக்கமும் வீசி, யாருக்கோ வழி சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸுக்கே வழி சொல்றா பாரு" என்றார் மாமியார். அவர் முகத்தில் சிரிப்பு வழிந்தது.

கடைப் பெண் விழித்தாள்.

"நான் புரூஃப் ரீடர்மா. எழுத்துன்னு ஒண்ணு கண்ணுல பட்டா, தலைகீழா இருந்தாலும் படிச்சிட்டுத்தான் எனக்கு மறு வேலை. இவ என்னடான்னா போனைச் சாப்பாட்டு மேஜையில மல்லாக்க வச்சுட்டு உள்ள போயிடறா. பூட்டு போட்டிருக்காளாம். வர்ற மெசேஜெல்லாம் அந்தப் பூட்டு மேலயே வரிவரியா வந்து நிக்குது. எனக்கு விழா எடுக்கறாங்க, ஹால் இது, கேக்கு இதுன்னு எல்லாத்தையும் நான் படிச்சாச்சு."

"அய்யய்யோ. அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா. நேத்து, 'அவங்க சனிக்கிழமை வந்து இறங்கறாங்க'ன்னு ஒரு வரி வந்தது. அடுத்த வரி வர்றதுக்குள்ள கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு எழுந்து ஓடிட்டேன்."

கடைப் பெண் மெல்லிய கவரைத் தானே எடுத்து உள்ளே வைத்தாள். கறுப்பு ரெக்சின் கவரைத் திறந்து, மூடி, சரியாக மூடுகிறதா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்தாள்.

மாமியார் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஹாலுக்கும் கேக்குக்கும் எப்படியாவது நடிச்சுடுவேன். வர்றது யாருங்கிறது மட்டும் என் கண்ணுல பட்டுடக் கூடாது. இவ இவ்வளவு பாடுபடறதுக்கு, ஒரு தடவையாவது நான் நிஜமாவே வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கணும்மா."