அரை மாத்திரை

டாக்டர் இரண்டு காகிதங்களையும் மேசைமேல் அருகருகே வைத்தார்.

இரண்டிலும் ஒரே படம். உள்ளிருந்து வெளியே சுற்றிக்கொண்டு வரும் ஒரு சுருள்.

மூன்று மாதம் முன்பு சந்திரகாசன் வரைந்ததில் கோடு வழுக்கிக்கொண்டு போயிருந்தது. இன்று வரைந்ததில் அடிக்கு அடி இடறியிருந்தது.

வடிவு தன் கணவரின் கையைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பார்த்தாள்.

"மாத்திரையெல்லாம் நேரத்துக்குப் போடுறீங்களா சார்?"

"அவதான் எடுத்துத் தருவா டாக்டர். ஒரு வேளை தப்பாது," என்றார் சந்திரகாசன்.

அந்தக் குரலில் பெருமை இருந்தது. அதுதான் அவளைச் சுட்டது.

தப்பவில்லைதான். காலை, மதியம், இரவு. ஐந்து வாரமாக ஒவ்வொன்றையும் பாக்குவெட்டியால் பாதியாக்கித்தான் கொடுத்துவந்தாள். உள்ளங்கையில் வைப்பதை அவர் பார்க்காமலே விழுங்கிவிடுவார்.

கை நடுக்கத்துக்கு இந்த மாத்திரை தொடங்கி இரண்டாம் மாதம் அவர் மாறிப்போனார்.

அறுபத்தாறு வயது. தாலுகா ஆபீஸில் முப்பது வருடம் குமாஸ்தா. சத்தமாகச் சிரிக்கக்கூடக் கூச்சப்படுகிறவர்.

பகலென்றும் பாராமல் அவளைத் தேடி வந்தார். அடுப்படிக்கு வந்தார். துணி மடிக்கும்போது வந்தார். மகள் வந்து தங்கியிருந்த நாளிலும் கதவைச் சாத்தினார்.

மறுத்தால் கெஞ்சுவார். பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவார்.

அதுவும் அவளுக்குக் கேட்கும்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள். "நீங்க மனுசன்தானா?"

அன்று முதல் அவர் முன்னறையில் பாய் விரித்துக்கொண்டார்.

மாத்திரையால்தான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டுக்குள் புதிதாக வந்தது அது ஒன்றுதான்.

வெட்டத் தொடங்கிய பிறகு, தேடி வருவது நின்றது. கை ஆடத் தொடங்கியது. சவரம் செய்யும்போது தாடையைக் கிழித்துக்கொண்டார். தோசை வாய்க்குப் போவதற்குள் சட்னி சட்டையில் விழுந்தது. அவள் துடைத்துவிட்டாள்.

துடைக்கத் துடைக்க அவர் நன்றியோடு பார்ப்பார்.

"டோஸைக் கூட்டிடலாம்." டாக்டர் பேனாவை எடுத்தார்.

"வேண்டாம் டாக்டர்." சந்திரகாசன் தலை நிமிரவில்லை. "கை ஆடினா ஆடிட்டுப் போகட்டும். இப்பத்தான் மனுசனா இருக்கேன்."

பேனா நின்றது.

என்ன சார் என்று கேட்டார் டாக்டர். டாக்டருக்கு இவர்கள் மகன் வயதுதான் இருக்கும்.

அவள்தான் சொன்னாள். பாதி வாக்கியங்களாகச் சொன்னாள். பாக்குவெட்டியையும் சொன்னாள்.

கணவர் மெல்லத் திரும்பி அவளைப் பார்ப்பது தெரிந்தது. அவள் திரும்பவில்லை.

"இது சாரோட குணம் இல்லம்மா," என்றார் டாக்டர். "மூளையில டோபமின்னு ஒண்ணு குறைஞ்சதாலதான் கை ஆடுது. அதுக்குப் பதிலா வேலை செய்யத்தான் இந்த மாத்திரை. சில பேருக்கு இது ஆசையையும் சேர்த்து முடுக்கி விட்டுடும். நான் முதல்லயே உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லியிருக்கணும்."

இனி நீங்களாக வெட்டக் கூடாது என்றார். இதைப் படிப்படியாகக் குறைக்கும் விதத்தை எழுதினார். வேறொரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

மருந்துதான்.

அப்படியென்றால், மனுசன்தானா என்ற அந்தக் கேள்வியை அவள் யாரிடம் கேட்டாள்?

பாளையங்கோட்டை பஸ்ஸில் கூட்டமில்லை. இருவர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள்.

அவர் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளருகே நின்றார். கண்டக்டர் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்.

பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியது.

அவர் குனிந்தார். வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"பக்கத்துல உக்காரட்டுமா?"

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடம்.

அவள் முந்தானையை இழுத்துக்கொண்டு, ஜன்னலோடு ஒட்டி இடம் விட்டாள்.

அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவள் வாயால் சொல்லட்டும் என்று.