இன்னிக்கு மூணு டிராயர்

“இன்னாம்மா, இன்னிக்கும் மூணு டிராயர் கீது. உனக்குப் பொறந்தது புள்ளையா, தண்ணி லாரியா?”

பிளே ஸ்கூல் ஆயா கிளியம்மாள் ஈரப் பையைக் கேட்டுக்கு மேலாக நீட்டினாள். பிள்ளைகளை அழைத்துப்போக வந்திருந்த மற்ற அம்மாக்கள் சட்டென்று செல்போனைப் பார்த்தார்கள். ஜெரூஷா குனிந்த தலையோடு பையை வாங்கிக்கொண்டாள்.

பின்னாலேயே அவள் மகன் ஷெர்வினைக் கையில் பிடித்தபடி மாளவிகா மிஸ் வந்தார்.

“டயப்பர் இல்லாம இருப்பான்னு சொல்லித்தானே சேர்த்தீங்க?”

“வீட்டுல ஒரு மாசமா ஒரு தடவைகூட இல்ல மிஸ். சத்தியமா.”

“எல்லா அம்மாவும் இதைத்தான் சொல்றாங்க. நாளைக்கும் இப்படின்னா ஆறு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க. சாரி.”

ஆறு மாதம்! திங்கட்கிழமை அவள் குரோம்பேட்டையில் லேப் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். இரண்டு முறை தேதியைத் தள்ளிக் கொடுத்தவர்கள், இந்த முறை வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம், கூடத்துத் தரையில் தட்டு வைத்து மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது கணவன் ஜோனத்தான் சிரித்தான்.

“ஸ்கூல்னா பயமா இருக்கும் ஜெரு. நான்கூட ரெண்டாங்கிளாஸ் வரைக்கும்...”

“போதும்ங்க. அதை அவன் முன்னாடி சொல்லாதீங்க.”

மகனுக்கு இட்லியைப் பிட்டுக் கொடுத்தபடி மெதுவாகக் கேட்டாள்.

“கண்ணா, மிஸ் திட்டினாங்களா?”

“இல்ல.”

“ஸ்கூல்ல பயமா இருக்கா?”

“இல்லியே.”

“அப்புறம் ஏன்டா தங்கம் டிராயர்லயே போற?”

“சமத்தா போனேன்மா!” என்றான் ஷெர்வின். முகமெல்லாம் பெருமை.

“பாத்தியா, என் புள்ளை!” என்றான் ஜோனத்தான். ஜெரூஷாவுக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை, கூச்ச சுபாவமுள்ள ஜெரூஷா, வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதை ஒரே மூச்சில் கொட்டினாள். “மிஸ், பெற்றோர் கேட்டைத் தாண்டக் கூடாதுன்னு தெரியும், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் உள்ள வந்து பாக்கட்டுமா மிஸ்?”

மிஸ் யோசித்தார். “ஜன்னல் பக்கம் நில்லுங்க. அவன் கண்ணுல படக் கூடாது.”

ஷெர்வின் மணலில் விளையாடினான். ஒன்றும் இல்லை. பாயில் படுத்துப் புரண்டு யானைக் கதை கேட்டான். அப்போதும் இல்லை. ஜெரூஷா நிம்மதியாக மூச்சு விட்டாள்.

“டிபன் டைம்! எல்லாரும் சமத்தா உக்காருங்க பாக்கலாம்!”

பிள்ளைகள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஷெர்வினும் உட்கார்ந்தான். இரண்டு கையையும் முழங்காலில் வைத்தான். கண்ணை இடுக்கினான். முகம் சிவந்தது.

“தோ, ஆரம்பிச்சிட்டான்!” என்று கிளியம்மாள் தரை துடைக்கும் துணியோடு ஓடினாள்.

வேலை முடிந்ததும் ஷெர்வின் தானே கை தட்டிக்கொண்டான். வீட்டில்போல யாரும் கூடச் சேர்ந்து தட்டவில்லையே என்று சுற்றிலும் பார்த்தான்.

ஜன்னலுக்கு வெளியே ஜெரூஷா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அடுத்த நிமிடம், கண்ணில் படக் கூடாது என்பதையும் மறந்து வகுப்புக்குள் நின்றாள்.

“மிஸ், அவனை இனிமே பாய்லயே உக்கார வைங்க. அப்புறமும் நனைச்சான்னா நானே கூட்டிட்டுப் போயிடறேன்.”

“பாய்லயா? ஏன்?”

மேஜையைச் சுற்றி இருந்த குட்டி மஞ்சள் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் காட்டினாள் ஜெரூஷா.

“எங்க வீட்டுல இருக்கிறதே ஒரு நாற்காலிதான் மிஸ். அச்சு அசல் இதே மாதிரி. ஆனா அதுல நடுவுல ஓட்டை இருக்கும்.”