ஜன்னலோரக் கோப்பை

"நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்வாங்க. நீங்க மைக் வெச்சுக் கெட்டிருக்கீங்க," என்றார் ஆசிரியர், ஒரு மூட்டைக் கடிதங்களை என் மேஜையில் கொட்டியபடி.

தப்பு என்னுடையதுதான். ஒன்பது வருடமாக நான் எழுதி வரையும் படக்கதையின் நாயகர் கனவுத் தபால்காரர். மேகத்திலிருந்து ஏணி போட்டு இறங்கி, தூங்குகிறவர்களின் தலையணைக்கடியில் கடிதம் வைப்பார். எல்லாமே யாரோ யாரிடமோ சொல்ல நினைத்து, சொல்லாமல் விழுங்கிய வார்த்தைகள்.

போன வாரம் வாசகர் கூட்டத்தில் ஒருவர், "தபால்காரர் வீட்டுல வேற யாரு இருக்காங்க?" என்று கேட்டார். "யாருமில்லை. என்னை மாதிரி தனிக்கட்டை. அவருக்குக் கடிதம் போட ஒரு ஆள் கிடையாது," என்றேன். சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வந்தது இந்த மூட்டை.

ஆசிரியர் ஒன்றைப் பிரித்துப் படித்தார்: "ஐயா, மூன்றாம் வருடத்திலிருந்து அவர் வீட்டு ஜன்னலில் இரண்டு கோப்பைகள் இருக்கின்றன. இரண்டிலும் ஆவி பறக்கிறது. தனி ஆளுக்கு எதற்கு இரண்டு?"

"கழுவச் சோம்பலா இருக்கும். நானும் அப்படித்தான்."

"விளையாடாதீங்க. இது கடைசி இதழ். கடைசிப் பக்கத்துல அவர் வீட்டுக்கு வர்றார், கதவு திறக்குது. உள்ள ஆள் இருக்கா, இல்லையா? ஒன்பது வருஷமா படிச்சவங்க கேக்கறாங்க. நாலு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகணும்." அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அறையில் மிஞ்சியது நானும் வண்ணக்காரம்மாவும். அலுவலகத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் கறுப்பு மையில் கோடு போடுவேன். அவள் அதற்குள் வண்ணம் ஊற்றுவாள். என் கோடு தடித்த கோடு. எறும்பு கூடத் தாண்ட யோசிக்கும். இந்த இதழோடு கதை முடிகிறது. அவளுக்கு வேறு ஊரில் வேலை. நாளைக்கு ரயில். தூரிகைகளையெல்லாம் பெட்டியில் கட்டிவிட்டு ஒன்றை மட்டும் வெளியே வைத்திருந்தாள்.

"நீங்களும் வாசகர் கட்சியா?" என்று கேட்டேன்.

"நீங்க மேடையில சொன்னது ஒரு நிமிஷம். அந்தக் கோப்பை ஆறு வருஷமா அங்க இருக்கு. எது பெரிசு?"

"படைச்சவன் நான்."

"இருக்கட்டும். பெத்தவங்க சொல்றதை எந்தப் புள்ளை கேக்குது?"

"சரி, உள்ள யாருதான் இருக்காங்க? நீங்களே சொல்லுங்க."

"நீலம் கட்டிப்போச்சு," என்று கிண்ணத்தைக் கலக்கத் தொடங்கினாள். அவளிடம் நேர் பதில் வாங்குவது மேகத்துக்கு ஏணி போடுகிற வேலை. ஊரை விட்டுப் போவதில் வருத்தமா என்று காலையில் கேட்டதற்கு, தண்ணீர் மாற்றப் போய்விட்டாள்.

வாசகர்கள் ஆதாரத்துக்கு அனுப்பியிருந்த பழைய இதழ்களைப் பிரித்தேன். அச்சான இதழை நான் பார்ப்பதே இல்லை. பார்த்தால் என் கோணல்கள் எல்லாம் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கும். இப்போதுதான் முதல் தடவை பார்த்தேன். ஜன்னலில் இரண்டு கோப்பைகள். இன்னொரு இதழில், காலி நாற்காலியின் முதுகில் மஞ்சள் சால்வை. மற்றொன்றில், வாசலில் அவர் செருப்புக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஜோடி.

"நானா வரைஞ்சேன் இதையெல்லாம்?"

"தூக்கத்துல வரைஞ்சிருப்பீங்க."

இருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். மதிய வெயில் அவளுடைய வண்ணத் தண்ணீரில் பட்டு, கூரையில் ஒரு பச்சைக் குளம் ஆடிக்கொண்டிருந்தது. அதன் அடியில் உட்கார்ந்திருந்தால் எதையும் நம்பத் தோன்றும்.

போன மாத இதழை எடுத்தேன். அதே ஜன்னல். ஆனால் இரண்டாவது கோப்பை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஊருக்குப் போகிறவர்கள் கழுவிக் கவிழ்ப்பதுபோல.

உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். தபால்காரரின் கோப்பையைச் சுற்றி என் தடித்த கறுப்புக் கோடு. மற்ற கோப்பைக்குக் கோடே இல்லை. சால்வைக்கும் இல்லை. சின்னச் செருப்புக்கும் இல்லை. எல்லாம் வெறும் வண்ணம். நான் கோடு போடாமல் ஒரு கடுகைக்கூட வரைந்ததில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் கிண்ணத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். நீலம் எப்போதோ கரைந்துவிட்டது.

மணி மூன்றரை. கடைசிப் பக்கத்தை இழுத்து, வீட்டுக் கதவு திறந்திருப்பதுபோல வரைந்தேன். உள்ளே ஜன்னல். ஜன்னலில் அவர் கோப்பை. பக்கத்தில், நிமிர்த்தி வைத்த இன்னொரு கோப்பை. அதைச் சுற்றி என் கோடு. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, மெல்லிய கோடு.

தாளை அவள் பக்கம் தள்ளினேன். "தண்ணி மாத்தப் போகாதீங்க. இந்தக் கோப்பை யாரோடது?"

அவள் பெட்டியில் கட்டிவைத்த தூரிகைகளைப் பிரித்து, ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தாள்.

"என்னோடது," என்றாள். "ஆறு வருஷமா நான் அந்த வீட்டுலதான் இருக்கேன்."