நெட்டை இருக்கும் இடம்

"அம்மாடி, என் புள்ள உயிரோட இருக்கானா இல்லையான்னு மட்டும் சொல்லிடும்மா! உன்னக் கையெடுத்துக் கும்பிடறேன்!"

ஸ்பீக்கரில் வந்த அந்த அழுகையைக் கேட்டதும் புதுசு போன் பக்கம் குனிந்தாள். அந்த டிவி சேனலில் அவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பாவம், இன்னும் முதல் சம்பளம்கூட வாங்கவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் செய்தி ஆசிரியர் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. தெரிஞ்சா சொல்றோம்."

டக்கென்று வைத்துவிட்டார்.

"மேடம்! நெட்டை அண்ணனோட அம்மா மேடம் அது!"

"கேட்டுச்சு. காது நல்லாத்தான் இருக்கு."

புதுசுக்கு அழுகையே வந்துவிட்டது. மேடத்துக்கு முதுகுக்குப் பின்னால் 'கருங்கல்' என்று பெயர். சும்மாவா வைத்தார்கள்?

நெட்டை அந்தச் சேனலின் நிருபர். கலவரம் நடக்கும் ஊருக்குப் போனவன். அங்கே ஒரு பெரிய கிடங்கு எரிந்துபோயிருந்தது. பக்கத்துத் தெருக்காரர்கள்தான் கொளுத்தினார்கள் என்று மற்ற சேனல்களெல்லாம் கத்தப் போய், அந்தத் தெருவில் ஒரு கூட்டம் வீடு வீடாகக் கதவை உடைத்துக்கொண்டிருந்தது. நெட்டை கண்டுபிடித்ததோ வேறு. கிடங்கு ஓர் இன்சூரன்ஸ் கம்பெனித் தலைவரின் மைத்துனருடையது. அதே கம்பெனியில் அதற்கு மலை மாதிரி காப்பீடு. இயக்குநர் குழுவில் ஒருத்தர்கூட ஏன் என்று கேட்காமல் தலையாட்டியிருக்கிறார்கள். கூட்டம் வருவதற்கு முன்பே கம்பெனி ஆட்களே பெட்ரோல் ஊற்றியதை நெட்டை வீடியோ எடுத்துவிட்டான். அதிலிருந்து அந்த ஆட்கள் அவனைத் தேடுகிறார்கள்.

இணையம் முடக்கப்பட்ட ஊர். வீடியோவை அனுப்ப வழியில்லை என்று போனில் இதையெல்லாம் சொன்னவனிடமிருந்து, அதற்குப் பிறகு ஒரே ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்திருந்தது: 'மாவு மில் மாடியில இருக்கேன். கீழ கேட்டை ஆட்டிப் பாக்கறாங்க.'

"உயிரோட இருக்கார்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன மேடம் குறைஞ்சு போயிடும்?"

"அடுத்த கேள்வி எங்கேன்னு வரும். அவன் இருக்கற இடம் இந்த ரூமைத் தாண்டக்கூடாது. யார் கேட்டாலும் சரி."

"அந்த வீடியோ விஷயத்தையாவது போடலாமே. அடிதடி நிக்குமே!"

"நாம பார்த்தோமா அந்த வீடியோவ? கண்ணால பார்க்காததைப் போட்டுத்தான் அங்க ஊரே பத்திக்கிட்டு எரியுது. அவன் முதல்ல வரட்டும்."

மறுபடியும் மணி அடித்தது.

"அவனுக்கு மூச்சிரைப்பு இருக்கும்மா! மருந்து என் கையில இருக்கு. இந்தப் புகையில செத்துடுவான். எங்க இருக்கான்னு சொன்னா நான் ஓடிப்போய்க் குடுத்துட்டு வந்துடறேன். நீங்களும் புள்ள பெத்தவங்கதானே?"

ஆசிரியரின் முகம் வெளுத்தது. 'சொல்லிடுங்களேன்' என்று புதுசு சைகையால் கெஞ்சினாள்.

"விசாரிச்சுப் பார்க்கறேன். கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிடுங்க."

ஜன்னலோரம் போய், செல்போனில் யாரிடமோ கிசுகிசுவென்று பேசினார். திரும்பி வந்து உட்கார்ந்தவர் இரண்டு கைகளையும் மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்.

மூன்றாவது தடவை மணி அடித்தது.

"விசாரிச்சுட்டேம்மா. பழைய தபால் ஆபீஸ் மாடியில இருக்கான். பின்பக்கப் படி வழியாப் போங்க."

அழுகை சட்டென்று நின்றது. 'சரி' என்று ஒரே ஒரு சொல். இணைப்பு அறுந்தது.

புதுசு விருட்டென்று எழுந்தாள். "பொய்! தபால் ஆபீஸ் ஊரோட அந்தக் கோடி! கத்தியும் கம்புமா நிக்கறாங்க, அதுக்கு நடுவுல அந்த அம்மா ஓடுவாங்களே, இல்லாத புள்ளயத் தேடிட்டு! பெத்தவ வயித்தெரிச்சல்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? எங்க எல்லாரையும்விட நெட்டை அண்ணனைத்தான் நீங்க அதிகமா திட்டுவீங்க. அவர் செத்தாக்கூட உங்களுக்கு ஒரு செய்திதான்!"

ஆசிரியர் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஏதோ ஒரு கதவு காற்றில் அறைந்ததற்குக்கூடத் தூக்கிவாரிப் போட்டது அவருக்கு.

ஒருவழியாக அது ஒலித்தது. காதில் வைத்துக் கேட்டார். கண்களை மூடிக்கொண்டார்.

"மில்லைச் சுத்தி நின்னவங்கல்லாம் தபால் ஆபீசுக்கு ஓடிட்டாங்களாம். அங்க நான் சொல்லிவெச்ச போலீஸ் காத்திருந்து அமுக்கிடுச்சு. நெட்டைய ஜீப்ல ஏத்திட்டாங்க."

புதுசு அப்படியே நாற்காலியில் சரிந்தாள். "அப்ப... அந்த அம்மா?"

"எந்த அம்மா? போன்ல அழுதது அந்தக் கம்பெனி ஆளு. நாம இடத்தைச் சொல்லணும்னு நடிச்சா."

"அய்யோ, நான் முதல் போன்லயே உளறியிருப்பேனே! நீங்க எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க? நெட்டை அண்ணனோட அம்மாவ உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அதுவரை அடக்கிவைத்திருந்ததெல்லாம் உடைய, ஆசிரியர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினார்.

"அவனைப் பெத்தவ நான்டி."