ஜன்னல் திரை

செவ்வாய்க்கு முதல் கப்பலில் போனவர்கள், திரும்ப வழியில்லை என்று தெரிந்தே போனார்கள். அவர்களில் ஒருவனான இசக்கிராஜ், வீட்டுக்கு அனுப்பிய படங்களையெல்லாம் பொதுக்கூடத்து ஜன்னல் முன்னால் நின்றுதான் எடுத்தான். குடியிருப்புக்கே அது ஒன்றுதான் ஜன்னல்.

அந்தப் படங்களை நம்பி, ஆறு வருடம் கழித்துத் தங்கை பொன்ரதி புருஷனோடு வந்து இறங்கினாள். அண்ணனின் அறையில் பெட்டியைத் திறந்து, பூப்போட்ட திரைச்சீலையை எடுத்தாள்.

"உங்க ஜன்னலுக்குன்னே தச்சேன். எங்க இருக்குண்ணே?"

நாலு பக்கமும் சுவர். இசக்கிராஜ் தலை குனிந்தான்.

அவள் திரையை வெறும் சுவரில் மாட்டி, அதன் முன்னால் சிரித்தபடி நின்றாள்.

"ஒரு படம் எடுங்கண்ணே. சின்னத் தங்கச்சி அடுத்த கப்பலுக்குப் பேர் குடுத்திருக்கா. பயந்துறக் கூடாதுல்ல."

வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் ஏது? எடுத்தான். படம் நன்றாகவே வந்திருந்தது.