பத்துக்குப் பத்து

எந்த ஆஸ்பத்திரியிலும் பெனியாமினாவை இதுவரை யாரும் ‘ஐயா’ என்று கூப்பிட்டதில்லை. சேப்பங்கிழங்குத் தோட்டத்துக் கூலிக்கு, ‘தள்ளி உக்காரு’ என்பதுதான் கிடைக்கிற மரியாதை.

இந்தச் சவாயித் தீவு ஆஸ்பத்திரியிலோ நர்ஸ் மரேதா வாசலுக்கே ஓடி வந்தாள். "வாங்க ஐயா! அக்கரையிலேருந்து காலைக் கப்பல்ல வந்தீங்களா?"

"ஆமா சிஸ்டர். மச்சினன் சாவுக்கு வந்தேன். எறங்கினதுலேருந்து நெஞ்சுமேல யாரோ ஏறி நிக்கிற மாதிரி இருக்கு. இடது கை மரத்துப்போச்சு. பொழைச்சுக்குவேனா? வீட்டுல மூணு பொட்டப் புள்ளைங்க..."

"எவ்வளவு விவரமாச் சொல்றீங்க!" அவருடைய இரவல் வெள்ளைச் சட்டையைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

"விடியறதுக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கோம். அவரு என்ன பாதிரியாரா?" என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

மரேதா பல்லைக் கடித்தாள். பிறகு தேன் ஒழுகச் சொன்னாள். "கொஞ்சம் பொறுத்துக்குங்க பெரியம்மா. எல்லாரையும் பாப்போம்."

டாக்டர் வெள்ளைக் கோட்டுக்குப் பொத்தான் போட்டபடி வந்தார். பெயரை இரண்டு தடவை கேட்டார். பிறந்த தேதியையும் இரண்டு தடவை கேட்டார். மரேதா சோப்புப் போட்டுத் தன் கையை முழங்கைவரை கழுவினாள், பஞ்சால் அவர் தோளைத் துடைத்தாள்.

ஊசி முனையில் நீல மூடி அப்படியே இருந்தது. தோளில் வைத்து எடுத்தாள். துளிகூட வலிக்கவில்லை. வைத்தியம் எங்கேயோ போய்விட்டது என்று பெனியாமினா அந்த வேதனையிலும் வியந்தார்.

"நோயாளிங்களை எப்படிக் கவனிக்கிறோம்னு ஊர் ஊரா ஆராய்ச்சி நடக்குது. உங்களுக்குத் தெரியாததா?" டாக்டர் குனிந்து சிரித்தார். "எங்களுக்குப் பத்துக்கு எத்தனை போடுவீங்க?"

"பத்து," என்றார் பெனியாமினா. வேர்வை கண்ணில் இறங்கியது. "நெஞ்சுதான் டாக்டர்... இன்னும் இறுக்குது..."

"அதுவும் சரியாயிடும் ஐயா," என்று மரேதா அட்டையால் விசிறினாள்.

அவர் நாற்காலியிலிருந்து சரிந்தார். வாயில் நுரை தள்ளியது. உடம்பு ஒருமுறை வெட்டி இழுத்தது. கண்கள் கூரையில் குத்திட்டு நின்றன.

டாக்டரும் மரேதாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் கைதட்டினார்கள்.

அந்த நேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, முனகியபடி ஒரு பெண் வாசலேறி வந்தாள். தரையில் கிடந்தவரைப் பார்த்ததும் முனகலை நிறுத்தி, நெஞ்சிலிருந்து கையை எடுத்தாள்.

"அடப்பாவிங்களா, தட்டறதை நிறுத்துங்க!" என்று அலறினாள். "ஆராய்ச்சிக்கு நோயாளியா நடிக்க வந்தவ நான்தான்!"