பிளாஸ்திரி ஒட்டிய ரேடியோ

செவிலிமேட்டில் வேப்பமரத்தடியில் எஸ்தரின் இஸ்திரி வண்டி நிற்கிறது. வண்டியில் தொங்கும் ரேடியோ காலையிலிருந்து வெறுமனே இரைந்துகொண்டிருக்கிறது. வண்டி குலுங்கினாலும் ஸ்டேஷன் நகராமலிருக்க, போன தை மாதம் செத்துப்போன அவள் புருஷன் தேவசகாயம் திருகின்மேல் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தான். துணி வாங்க வந்த சந்தியா அதன் ஓரத்தில் நகத்தை வைக்கிறாள். "கவர்மெண்ட் எஃப்எம்ம வேற நம்பருக்கு மாத்திட்டாங்கக்கா. இதப் பிச்சிட்டுத் திருப்புனா பாட்டு வந்துடும்." "தெரியும்மா. அது அப்படியே இருக்கட்டும்." பிளாஸ்திரியில் கரி படிந்த ஒரு கட்டைவிரல் ரேகை, கோடு கோடாக, இன்னும் அழியாமல் இருக்கிறது. இலைகளுக்கு நடுவே விழும் வெயில் அதைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. சந்தியா கையை எடுத்துக்கொள்கிறாள். எஸ்தர் இஸ்திரிப் பெட்டிக்குள் கரிக்கங்கை ஊதிவிட்டு, பக்கத்துத் திருகைத் திருப்பி அந்த இரைச்சலைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறாள்.